ஆற்றுப்படையும் வழிப்பொருளும்

வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். அவற்றுள் நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை அனுப்புகிறது. அவன் கிடங்கிலுக்குத் தலைவன். கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது.

இதனை இப்போது நினைக்கக் காரணம், கணினி நிரலாளர் வழியைக் கையாளும் முறை. நிரல் நூலகங்களில் வழி ஒரே நீண்ட வாக்கியமாக இருப்பதில்லை. 'ஆப்ஜெக்ட்' எனப்படும் பொருளாக இருக்கிறது. பாதை என்ற பொருளுக்குள் கட்டங்கள், கட்டத்துக்குள் படிகள். ஒவ்வொரு படியும் தொடக்கம், முடிவு, மீட்டரில் தொலைவு, நொடியில் நேரம், திரும்பும் திசை ஆகியவற்றைத் தனித்தனியே தாங்கும். கூகுள் வரைபட நிரலகத்தின் இரண்டாம் பதிப்பில் இவை ஜிரூட், ஜிஸ்டெப் என்ற பெயர்களில் இருந்தன. மரக்காணத்திலிருந்து திண்டிவனத்தில் நின்று விழுப்புரம் போக ஒரு காரோட்டி வழி கேட்டால் பாதை ஒன்று, கட்டம் இரண்டு, படிகள் பல.

இந்தப் பிரிப்பின் பயன் நம் ஊர்ச் சாலையிலேயே தெரியும். நெடுஞ்சாலைகளுக்கு 2010இல் புதிய எண்கள் வந்தபோது பழைய 45இன் திண்டிவனம்–விழுப்புரம் பகுதி 132 ஆயிற்று. '45இல் நேரே செல்க' என்று வாக்கியமாக எழுதி வைத்தவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தேடித் திருத்த வேண்டும். சாலையின் எண்ணைத் தனிப் பண்பாக வைத்தவருக்கு ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

நத்தத்தனாரும் இதைத்தான் செய்தார் என்று மார்தட்டும் கட்டுரைகளுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. அவ்வரிசையில் சேர நமக்கு விருப்பமில்லை. ஆயினும் அவர் வழியைக் கட்டம் கட்டமாகவே பகுத்தார் என்பது உண்மை. நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர். முதலிரண்டையும் மரக்காணம், உப்புவேலூர் என ஆய்வாளர் அடையாளம் காண்பர். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலம், மக்கள், உணவு என்ற பண்புகள் உண்டு: பட்டினத்தில் தேறலும் சுட்ட மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும். வேறுபாடு இங்கேதான். நிரலாளரின் பண்புகள் எரிபொருளும் நேரமும் கணக்கிடும் ஓட்டுநருக்கானவை. புலவரின் பண்புகள் அடுத்த வேளைச் சோறு எங்கே என்று அறியாதவனுக்கானவை. எதைப் பண்பாக வைப்பது என்று முடிவு செய்பவர், அந்தச் சாலை யாருக்கு என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார். சைக்கிளில் செல்பவருக்கு நிழல் எங்கே என்ற பண்பை எந்த நூலகமும் நமக்குத் தந்ததாக நினைவில்லை.

செங்கண்மா நன்னனிடம் அனுப்பும் மலைபடுகடாம் இன்னும் நுட்பமானது. 583 அடிகள் கொண்ட அப்பாட்டு, பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல், கால் வழுக்கும் இடம் என்று இடர்களையும் வழியோடு சேர்த்துச் சொல்கிறது. நம்மை மிகவும் நிறுத்தியது வேறோர் அறிவுரை. பாதை கிளைக்கும் இடத்தில், பின்னே வரும் புதியவர் தடுமாறாதிருக்க, அவ்விடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறது. வழி கேட்டு நடந்தவனே அவ்வழியில் ஒரு குறிப்பைச் சேர்க்கிறான். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன் தெருவைக் குறித்துவைக்கும் திண்டிவனத்து இளைஞர் செய்வதும் அந்தப் புல்முடிச்சைத்தான்.