தந்திரம்: போடிமெட்டின் இருபுறமும்

தந்திரம் என்பது மந்திரம், முத்திரை, யந்திரம், குருவிடம் பெறும் தீட்சை ஆகியவற்றால் உடலையே வழிபாட்டுக்கு உரிய இடமாக்கிக்கொள்ளும் சமயநெறி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் நூல்வடிவம் பெறத் தொடங்கி, சைவம், வைணவம், சாக்தம், பௌத்தம் என எல்லாவற்றிலும் வேர்விட்டது. மண்டையோடு, நள்ளிரவுப் பூசை, செய்வினை என்றே சினிமா அதைக் காட்டிப் பழக்கிவிட்டது. உண்மையில், தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பக்கம், தந்திர நெறியின் கோயில் நூல்களான ஆகமங்களின் முறைப்படி நடக்கும் ஒரு குடமுழுக்கைப் பார்த்தவர் தந்திரச் சடங்கைத்தான் பார்த்திருக்கிறார்.

திருப்பணிக்கு முன் மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றுவார்கள், இது கலாகர்ஷணம். நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் தர்ப்பைக் கூர்ச்சமும் வைத்த அந்தக் குடம்தான் அதன்பின் தெய்வம். யாகசாலையில் அமரும் சிவாச்சாரியார் முதலில் பூதசுத்தி செய்து தம் உடலை மனத்தால் எரித்துத் தூய்மையாக்குகிறார். பிறகு தலை, முகம், நெஞ்சு என்று தொட்டுத் தொட்டு மந்திரங்களைப் பதிக்கிறார், இது நியாசம். சிவமாகித்தான் சிவனைப் பூசிக்க வேண்டும் என்பது விதி. நாடி சந்தானத்தின்போது யாககுண்டத்திலிருந்து மூலவர்வரை தர்ப்பைக் கயிறு ஓடும். கூட்டத்தில் நிற்பவர்கள் அதைத் தாண்டிவிடாமல் ஒதுங்கி நிற்பார்கள்.

இந்த நெறி தமிழகத்தில் வேரூன்றிய கதை நீண்டது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாச நாடகம், காஞ்சித் தெருவில் கபாலத்தைத் தொலைத்துவிட்டுத் தேடும் குடிகாரத் தாந்திரிகத் துறவியான காபாலிகனைக் கேலி செய்கிறது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஆளைத்தானே அரசன் நகையாடியிருக்க முடியும்! காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டோ, பல்லவ அரசன் ராஜசிம்மன் சைவசித்தாந்த நெறியில் மலம் எனும் ஆன்ம அழுக்கு நீங்கியவன் என்கிறது. திருமூலரின் திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகவே வகுக்கப்பட்டுள்ளது. காஷ்மீரத்து அபிநவகுப்தரிடம் பயின்ற மதுராஜ யோகி மதுரையிலிருந்து போனவர். 12ஆம் நூற்றாண்டில் அகோர சிவாச்சாரியார் எழுதிய கிரியாக்கிரமத்யோதிகை இன்றும் சிவாச்சாரியார்களின் கைந்நூல். மதுவும் மாமிசமும் படைக்கும் வாம மார்க்கம் மெல்ல ஒதுங்க, கோயில்வழி நிலைத்தது.

ஆகமம் வேதத்துக்கு ஒத்ததா என்ற வாதமும் பழையது. வைணவத்தின் பாஞ்சராத்திர ஆகமத்துக்காக வாதாடவே வைணவ ஆசாரியர் ஆளவந்தார் ஆகமப் பிராமாண்யத்தை எழுதினார். வேதத்துக்குப் புறம்பானது என்று வைதிகர் சிலர் ஒதுக்கிய வழிபாடே பின்னாளில் இந்துக் கோயில் வழிபாட்டின் முதுகெலும்பானது.

போடியிலிருந்து மாநில எல்லையான போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் இறங்கினால் கேரள மரபு. தமிழகத்தில் காமிகம், காரணம் போன்ற சைவ ஆகமங்கள் இருக்கும் இடத்தில் அங்கே இருப்பது 15ஆம் நூற்றாண்டில் சேன்னாஸ் நாராயணன் நம்பூதிரி தொகுத்த தந்திரசமுச்சயம். சிவன், விஷ்ணு, சங்கரநாராயணர், துர்க்கை, சுப்பிரமணியர், கணபதி, சாஸ்தா என்ற ஏழு தெய்வங்களுக்கும் பிரதிஷ்டையும் பூசையும் சொல்லும் நூல் அது. அன்றாடப் பூசை சாந்திக்காரர் எனும் அர்ச்சகருடையது. பிரதிஷ்டையும் பரிகாரமும் பரம்பரைத் தந்திரியுடையவை. தெய்வத்துக்கே தந்தை ஸ்தானம் அவருக்கு. தேனி மாவட்டத்திலிருந்து மாலை போட்டுப் போகிறவர்கள் சபரிமலையில் காண்பது தாழமண் குடும்பத் தந்திரிகளின் இந்த முறையைத்தான்.

மாநில எல்லை வழிபாட்டை அப்படியே இரண்டாக வெட்டிவிடவில்லை. அதிகாலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறவர்களின் மாரியம்மன்கள் மேலேயும் இருக்கிறார்கள். அங்கே ஆகமமும் இல்லை, தந்திரியும் இல்லை, பூசாரிதான். இதே மலைத்தொடரில் தெற்கே இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலில், சித்ரா பௌர்ணமியன்று இரு மாநிலப் பூசகர்களும் பூசை செய்கிறார்கள்.

யார் கருவறைக்குள் நுழையலாம் என்ற கேள்வி நீதிமன்றம்வரை போனது. 1972இல் சேஷம்மாள் வழக்கில், பரம்பரை முறையில் அர்ச்சகர் நியமனம் கூடாது என்ற தமிழகச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது; 2015இல் நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டே அமைய வேண்டும் என்றது. 2017இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தலித்துகள் உட்படப் பிராமணரல்லாதாரைச் சாந்திக்காரர்களாக நியமித்தது. 2021இல் தமிழகமும் பயிற்சி பெற்ற பல சாதியினரை அர்ச்சகர்களாக நியமித்தது. அதையொட்டிய வழக்குகளும் தொடர்ந்தன.