பயின் முதல் பெயின்ட் வரை: ஒரு பலகை வீட்டின் வெளிச்சுவர்

சென்ற ஆண்டு அக்டோபரில், சாந்தன்பாறையிலுள்ள என் தாய்மாமன் வீட்டின் பலகைச் சுவர்களுக்கு வெளிப்புறம் எனாமல் பெயின்ட் அடித்தேன். அதற்குமுன் தூரிகை பிடித்தவனல்லன். தை பிறக்கும் முன்பே பூச்சு கொப்புளித்து, பலகைகளின் அடிமுனையிலிருந்து தோலாக உரிந்தது. பார்க்கவந்த ஆசாரி, “மரம் மூச்சு விடணும் தம்பி, நீங்க ஈரத்த உள்ள வச்சு மூடிட்டீங்க” என்றார். அச்சொல்லே, இம்மலையில் மரத்தின்மேல் முன்னர் எதைப் பூசினார்கள் என்று என்னைத் தேடவைத்தது.

வெள்ளைக் குங்கிலிய மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. அதன் பிசின் தமிழில் பைனிப்பிசின், மலையாளத்தில் பயின். பிசின், பசை என்னும் பொருளில் பயின் என்பது பழந்தமிழ்ச் சொல்லுமாகும். ஆங்கிலேயர் அப்பிசினைப் ‘பைனி வார்னிஷ்’ என்று எழுதினர். கீல் என்னும் சொல்லும் இருமொழிக்கும் பொது. இன்று அதன் இடத்தில் ‘தார்’ வந்து அமர்ந்துவிட்டது. (சாந்தன்பாறையைச் ‘சாந்து’ என்னும் சொல்லோடு இணைக்க ஆசைதான், சான்றில்லாததால் விட்டுவிடுகிறேன்.) போர்ச்சுகீசியர் கொணர்ந்த முந்திரி, கரையானுக்கு எதிராகக் கழிக்கோல்களில் பூசும் ஓட்டெண்ணெயையும் தந்தது.

ஆனால் மரத்தைக் காத்தது பூச்சு மட்டுமன்று. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தின் மர அரண்மனையைப் பாருங்கள். செங்குத்தான ஓட்டுக்கூரையும் அகன்று தாழ்ந்த இறவாரமும் மழையைச் சுவரில் படவிடாமல் தள்ளுகின்றன. அங்கே பூச்சு இரண்டாம் காவல், கூரையே முதற்காவல். 1956இல் அந்த அரண்மனை நின்ற மண் தமிழ்நாட்டின் பக்கம் வந்தது, நிர்வாகம் கேரளத்திடம் நின்றது. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகளோ கேரளத்திலேயே தங்கின.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைப் பெற்றபின், மலைச்சரிவெங்கும் தோட்டங்கள் பரவின. கூலிக்கு மலையேறிய தமிழர் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘லயம்’ ஆயிற்று. இசையின் லயத்தோடு அதற்கு உறவில்லை. தகரக்கூரையும் குறுகிய இறவாரமும் வந்தபின், சுவர் மழைக்கு நேரே நின்றது. காவல் முழுவதும் பெயின்டின் தலையில் விழுந்தது. அப்பெயின்டும் ஆலைப்பொருளாகிவிட்டது: ஷாலிமார் ஆலை ஹவுராவில் 1902இல் தொடங்கியது, ஏசியன் பெயின்ட்ஸ் பம்பாயில் 1942இல்.

சுவீடனில் வேறு வழி. ஃபாலுன் செப்புச் சுரங்கக் கழிவிலிருந்து பெற்ற இரும்புச்செம்மண்ணை, கம்புமாவு போன்ற ரை மாவுக் கூழிலும் ஆளிவிதை எண்ணெயிலும் காய்ச்சி மரவீடுகளுக்குப் பூசுகிறார்கள். அது படலமாக மூடுவதில்லை. ஈரம் வெளியேற இடம் விடுகிறது. நம் காவிக்கு உடன்பிறப்பு என்றே சொல்லத் தோன்றுகிறது.

சாந்தன்பாறைக்கு இரு பருவமழையும் உண்டு. ஆகவே இவ்வாண்டு பிப்ரவரி வரை பலகைகளைக் காயவிட்டு, பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்தேன். நீர் ஏறுவது பலகையின் வெட்டுமுனை வழியே என்பதால் அங்கே ஆளிவிதை எண்ணெயை மும்முறை ஊட்டினேன். பிறகே காவி கலந்த எண்ணெயை மெல்லியதாகப் பூசினேன். மாமா இறவாரத்தை ஒன்றரை அடி நீட்டச் சொல்லித் தகரம் வாங்கிவந்திருக்கிறார். ஆசாரி இன்னும் வரவில்லை.