கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போ?

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு பெண் கருவுற்றிருந்தால் ‘முழுகாம இருக்கா’ என்பார்கள். மாதவிலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். துணை சுகாதார நிலையத்துக்கு முதல் தடவை வருகிற பெண்ணிடம் கிராம சுகாதாரச் செவிலியர் கேட்பதும் இதைத்தான்: “கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?” அந்த மாதவிலக்கு தொடங்கிய தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் உத்தேசப் பிரசவத் தேதி வந்துவிடும். மகப்பேறு பாடத்தில் நர்சிங் மாணவிகள் கற்றுக்கொள்ளும் கணக்கு இது.

அதே மாணவி அந்தக் கணக்கைத் தனக்கே போட வேண்டி வந்தால் என்ன ஆகும்? பிரசவம் பார்க்கக் கற்றுத்தரும் இடத்தில் கர்ப்பிணிக்கு இடம் உண்டா? இதற்கான பதில் எழுதப்பட்ட இடம் லண்டன்.

1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரில் தொடங்கிய பள்ளிதான் நவீன செவிலியர் பயிற்சிக்கு அச்சு. சேர வருகிற பெண் திருமணமாகாதவரா, கைம்பெண்ணா என்று அங்கே விசாரித்தார்கள். கைம்பெண் என்றால் பிள்ளைகள் உண்டா, அவர்களைக் காப்பாற்ற என்ன ஏற்பாடு என்று அடுத்த கேள்வி. கணவனோடு வாழும் பெண் அந்தப் படிவத்தின் கற்பனையிலேயே இல்லை. பயிற்சி பெறுபவர் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும், மேட்ரனின் கண்பார்வையில் இருக்க வேண்டும். ‘சிஸ்டர்’ என்று நாம் இன்றும் கூப்பிடுகிறோமே, அதுவே கன்னியர் மடங்களிலிருந்து வந்த சொல்தான்.

இதைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. குடும்பத்துக்கு வெளியே ஒரு பெண் மரியாதையோடு சம்பாதிக்க அன்றைக்கு இருந்த வழிகள் சொற்பம். ‘எங்கள் பெண்கள் விடுதியில் பத்திரமாக இருக்கிறார்கள்’ என்ற உத்தரவாதம் இருந்ததால்தான் பல பெற்றோர் மகளை அனுப்பினார்கள். அந்த உத்தரவாதத்துக்கு விலை, வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது இந்த அச்சும் கூடவே வந்தது. அப்போது கொங்குச் சமவெளியில் பிரசவம் பார்த்தவர்கள் யார்? பெரும்பாலும் நாவிதர் சமூகத்து மருத்துவச்சிகள். அம்மாவிடமோ மாமியாரிடமோ கூடப் போய்ப் பழகிய தொழில். பெற்று வளர்த்தவள் என்பது அவளுக்குத் தகுதிக் குறைவு அல்ல, “நாலு பெத்தவளுக்குத் தெரியாதா” என்ற நம்பிக்கைக்கு அதுவே ஆதாரம். அவள் கையில் கிருமிநாசினி கிடையாது, தாய்களும் குழந்தைகளும் செத்துப்போனார்கள், சாதி அவளை வாசலிலேயே நிறுத்தியது. எதையும் பொன்னாக்க வேண்டாம். ஆனால் அவள் கற்ற முறையில் கர்ப்பம் படிப்பை நிறுத்தவில்லை. புதிய மருத்துவம் அவளது அறியாமையை விலக்கியபோது, தாயாக இருந்துகொண்டே கற்கும் வழியையும் சேர்த்தே விலக்கிவிட்டது.

1946இல் போர் குழு அறிக்கை வந்தபோது நாட்டில் சுமார் 7,000 செவிலியர்கள்தான் இருந்தார்கள், 43,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில். இவ்வளவு பஞ்சத்திலும் கல்யாணமான பெண்ணைத் தள்ளிவைக்கும் பழக்கம் லேசில் போகவில்லை. கர்ப்பமானால் வேலை போகும் என்ற ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களுக்கான விதியை உச்ச நீதிமன்றம் 1981இல் ரத்து செய்தது. ஆனால் ராணுவச் செவிலியர் பணியில் 1977ஆம் ஆண்டு ஆணை ஒன்று அப்படியே இருந்தது: திருமணம் செய்தால் பணிநீக்கம் செய்யலாம். அதன்படி 1988இல் வெளியேற்றப்பட்டவர் லெப்டினன்ட் செலினா ஜான். ஆணை 1995இல் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு நீதி கிடைத்தது 2024 பிப்ரவரியில், 60 லட்சம் ரூபாய் இழப்பீடாக. நடுவில் போனது 36 வருடம். அந்த வருடங்களை எந்தக் கோர்ட்டு திருப்பித் தரும்?

பயிற்சிக் காலத்தில் கர்ப்பம் என்ற கேள்விக்கு நெருங்கிய வழக்கு மருத்துவமனையிலிருந்து வரவில்லை, எல்.ஐ.சி.யிலிருந்து வந்தது. நீரா மாத்தூர் 1989 செப்டம்பரில் தகுதிகாண் பணியில் சேர்ந்தார். 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில் வேலை போனது. சேரும்போது நிரப்பிய படிவத்தில் பொய் சொன்னார் என்பது நிர்வாகத்தின் வாதம். என்ன படிவம் அது? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்தது எப்போது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது.

துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கேட்கும் அதே கேள்விதான். அவர் கேட்பது ஒரு பெண்ணைக் கணக்கில் சேர்க்க. எல்.ஐ.சி. கேட்டது கணக்கிலிருந்து எடுக்க.

நீரா மாத்தூராவது ஊழியர். மாணவிக்கு அந்தப் பிடியும் இல்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம் வேலை செய்யும் பெண்ணுக்காக எழுதப்பட்டது. 2017 திருத்தத்தால் 26 வாரமான விடுப்பும் அவளுக்குத்தான். பக்கத்து தருமபுரி மாவட்டத்தின் அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவி மறுக்கப்பட்ட மகப்பேறு விடுப்புக்காகப் போராடி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார் என்றால், அரசு ஊழியர் என்ற அடையாளம் அவரிடம் இருந்தது. தமிழக அரசின் நிரந்தரச் செவிலியருக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. அதே வார்டில் ஊசி போடும் மாணவிக்கு ‘லாங் ஆப்சென்ட்’.

பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு விதிகளை உருவாக்கும்படி கடிதம் எழுதியது. நல்ல விஷயம்தான். ஆனால் தொழிற்படிப்பு என்று வந்தால் கதை மாறும். பிரசவத்தால் வருகை குறைந்த டெல்லி சட்ட மாணவி ஒருவருக்கு 2018இல் உயர் நீதிமன்றம் தேர்வெழுத அனுமதி தரவில்லை. நர்சிங் இன்னும் கறாரானது. இந்திய செவிலியர் கவுன்சில் விதிப்படி பாடத்துக்கு 80 சதவீத வருகை, பட்டம் வாங்குவதற்குள் செய்முறையில் 100 சதவீதம். வார்டில் நிற்காமல் நர்ஸ் ஆக முடியாது என்பது நியாயம். கர்ப்பிணியை எக்ஸ்ரே அறைக்கும் காசநோய் வார்டுக்கும் அனுப்பக் கூடாது, நோயாளியைத் தூக்க விடக் கூடாது என்பதும் நியாயம். இரண்டும் சேர்ந்தால் அவளுக்கு மிச்சம் என்ன? எந்தப் பிரிவை முன்னால் முடிக்கலாம், எதைப் பிரசவத்துக்குப் பிறகு ஈடுசெய்யலாம் என்று யாராவது உட்கார்ந்து அட்டவணை போட வேண்டும். போடாத இடத்தில் அவளே கணக்குப் போடுகிறாள்: துப்பட்டாவால் மறைப்பதா, கலைப்பதா, நின்றுவிடுவதா.

சேலம்–நாமக்கல் சாலையில் கல்லூரிப் பேருந்துகளுக்குக் குறைவில்லை. நெசவு, கோழிப்பண்ணை, லாரி என்று ஓடும் வீடுகளிலிருந்து பெண்கள் அதில் ஏறுகிறார்கள். நடுவில் ஒரு நல்ல வரன் வந்தால், “கட்டிக்கிட்டே படிக்கட்டுமுங்க” என்று இரண்டு வீடும் பேசி முடிப்பதும் நடக்கிறது. பேச்சில் யாரும் ஒன்பது மாதக் கணக்கைச் சேர்ப்பதில்லை. ஒரு வருடம் தவறினால் அடுத்த வருடத்துக் கட்டணம் யார் கட்டுவது என்ற இடத்தில் பல படிப்புகள் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

படித்து முடித்தாலும் பிரச்சினை முடியவில்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்த ஒப்பந்தச் செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டார்கள். சம்பளம் வாங்கும் நர்ஸே தெருவில் உட்கார வேண்டியிருந்தால், கட்டணம் கட்டும் மாணவி யாரிடம் போய்க் கேட்பாள்?

பெரியாஸ்பத்திரியில் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் அதே ஜனங்கள் ஊருக்குள் ‘நர்ஸம்மா’ என்கிறார்கள். துணை சுகாதார நிலையத்துக் குடியிருப்பில் தன் பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, புதன்கிழமை தோறும் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட பெண்களை இந்தச் சமவெளி பார்த்திருக்கிறது. அம்மாவாக இருப்பது அந்த வேலைக்கு இடைஞ்சல் என்று ஊர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னது படிவங்கள். படிவங்களை மாற்றி எழுதலாம். அதிலும் அந்தத் தேதியைக் கேட்கட்டும், அவளை எந்த மாதம் எந்த வார்டில் போடலாம் என்று முடிவு செய்வதற்காக.