சர்க்கரை இறங்கும்போது உடல் செய்யும் முதலுதவி

சர்க்கரை நோய் என்றதும் கணையமும் இன்சுலினும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை குறையும்போது நம்மைக் காப்பாற்றுவதில் கல்லீரலுக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் பெரும் பங்கு உண்டு.

சாப்பிட்டபின் மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. இந்த இருப்பு சுமார் 100 கிராம். சர்க்கரை இறங்கினால் இன்சுலின் சுரப்பு குறைந்து, கணையத்தில் குளுக்ககான் சுரக்கிறது. மூளை, பரிவு நரம்புகள் வழியாகக் கல்லீரலுக்கும் அட்ரினலுக்கும் செய்தி அனுப்புகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினலின் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. உடனே கல்லீரல் சேமிப்பை உடைத்துச் சர்க்கரையை வெளியிடுகிறது. அட்ரினலின் வெளிப்பகுதியில் சுரக்கும் கார்டிசால், புரதத்திலிருந்து புதிய சர்க்கரை உருவாக உதவுகிறது.

மூளைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை 1849-ல் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் கண்டார். முயலின் மூளை அடிப்பகுதியில் ஊசியால் குத்தியபோது, அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது.

அப்படியானால் நரம்பு இல்லாமல் கல்லீரல் இயங்காதா? இயங்கும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. அதில் நரம்புகள் வெட்டப்படும், மீண்டும் இணைக்கப்படுவதில்லை. ஆனாலும் ஹார்மோன்களின் துணையால் புதிய கல்லீரல் சர்க்கரையைப் பெரும்பாலும் சீராகவே வைத்திருக்கிறது. ஒரு வழி அடைபட்டால் மறுவழி உண்டு.

இது நமக்கு ஏன் முக்கியம்? சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு, சாப்பிடாமல் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு ஓடுகிறார் ஒருவர். வியர்வை, நடுக்கம், படபடப்பு வருகிறது. இவை பெரும்பாலும் அட்ரினலின் அடிக்கும் எச்சரிக்கை மணி. அடிக்கடி சர்க்கரை இறங்குபவர்களுக்கு இந்த மணி மங்கிவிடும். பீட்டா பிளாக்கர் வகை இதய மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும் தெரியலாம்.

அளவு 70-க்குக் கீழே போனால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

நோன்பு நேரத்திலும் இதே எல்லைதான். 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அந்தச் சலுகையைத் தந்திருக்கிறது. ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை, இன்சுலின் அளவுகளை மாற்றி அமைத்துக்கொள்வோம்.