திறமையைக் கண்டறிதல்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் குழந்தைகளிடம் அறிவாற்றல் என்றும் குறைந்ததில்லை. அதனைக் காணும் கண்களும் தாங்கும் கைகளுமே குறைந்திருந்தன. இதற்கு வரலாறே சான்று.

1894-இல் கர்னல் ஆல்காட், 'பஞ்சமர்' என்று அந்நாளில் அழைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கெனச் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கினார். கல்விக் கதவைத் திறப்பது முதற்பணி. திறமையுள்ள பிள்ளையை இனங்கண்டு உயர்த்துவது அடுத்த பணி.

1900-இல் சாத்தாரா அரசுப் பள்ளியில் சேர்ந்த சிறுவர் பீமராவ், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணியின்மீது தனியே அமர்ந்து பயின்றார். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அவர் திறமையை உணர்ந்த ஆசிரியர் கெலுஸ்கர், பரோடா மன்னர் சாயாஜிராவிடம் எடுத்துரைத்தார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1913-இல் அம்மன்னரின் உதவியாலேயே கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். கண்டவர் ஒருவர், தாங்கியவர் ஒருவர். அதனால் நாடே அண்ணல் அம்பேத்கரைப் பெற்றது.

இன்று எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு நடைபெறுகிறது. 2008-இல் மைய அரசு தொடங்கிய இத்திட்டத்தில், மனத்திறன், படிப்பறிவு ஆகிய இரு தாள்களிலும் தேறித் தெரிவு பெறுவோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

ஆனால் தேர்வுக்கூடத்துக்கு வந்த பிள்ளையைத்தான் தேர்வு அறியும். கரும்பு வெட்டப் பெற்றோருடன் வெளியூர் சென்ற பிள்ளையை யார் அறிவார்? எழுத்தில் தடுமாறினும் சந்தைக் கணக்கை மனத்திலேயே போடும் பிள்ளையை யார் அறிவார்? ஆசிரியரே அறிதல் வேண்டும்.

ஆகவே நைனார்பாளையத்தில் ஐந்தாம் வகுப்பிலேயே அத்தகைய பிள்ளைகளைக் குறித்துவைத்து, மாலை வகுப்பு நடத்தி, எட்டாம் வகுப்புவரை கைவிடாது காப்போம். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்திற்கு இதனினும் சிறந்த பணி வேறில்லை.