தூபா வேரும் லயத்து நாயும்

1936இல் இங்கிலாந்து மாட்டுக்காரர்களுக்கு அரசாங்கம் ஒரு கட்டளை போட்டது. மாட்டின் முதுகுத்தோலுக்கு அடியில் புழுவாய்க் குடியிருந்து தோலைச் சல்லடையாக்கும் ஒரு ஈ அங்கே உண்டு. புழு புடைத்துத் தெரியும் மாதங்களில் மாட்டின் முதுகில் டெரிஸ் என்னும் வேர்ப்பொடியைக் கரைத்துத் தேய்த்தே ஆகவேண்டும் என்பது கட்டளை. அதே பொடி அந்த ஊர்க் கடைகளில் நாய்க்குத் தெள்ளுப்பொடியாக டப்பாவிலும் விற்றது. கம்பளத்தில் படுக்கும் நாய்க்கும் மடியில் படுக்கும் பூனைக்கும் அதைத்தான் தூவினார்கள்.

அந்த வேர் எங்கள் பக்கத்துச் சரக்கு. மலாயாவிலிருந்தும், டச்சுக்காரர்கள் ஆண்ட தீவுகளிலிருந்தும் கட்டுக்கட்டாகக் கப்பலேறியது. மலாய்க்காரர்கள் அதைத் தூபா என்பார்கள். கித்தா என்னும் ரப்பர்க் கன்றுகள் இன்னும் நிழல் விரிக்காத புதுக்காட்டில் வரிசைக்கு நடுவே ஊடுபயிராகவும் நட்டார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்து நாய்க்கு அந்த டப்பா கிடைத்ததாக என் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் நாய்க்கு மண்ணெண்ணெய்தான்.

நான் பேராக் மாநிலத்தில் செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர். நான் தமிழ்ப்பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்று, இப்போது ஈப்போ புந்தோங்கில் பூனைகளோடு இருக்கிறேன். தெள்ளுப்பூச்சியைப் பற்றி எழுத இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

தூபா ஒரு கொடி. ஆற்றில் மீன் பிடிக்க அதன் வேரை நசுக்கித் தண்ணீரில் கலக்கும் வழக்கம் மலாய்க்காரர்களிடமும் காட்டுவாசிகளான ஓராங் அஸ்லி மக்களிடமும் தொன்றுதொட்டு இருந்தது. வேரை நசுக்கினால் பால்போல் வெள்ளையாய் வடியும். அது கலந்த நீரில் மீன் மூச்சுத் திணறி மேலே வந்து வாயைப் பிளக்கும், கூடையால் அள்ளிக்கொள்ளலாம். அந்த மீனைச் சமைத்துத் தின்றால் மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. செவுள் வழியாகப் போனால் கொல்லுகிற நஞ்சு, நம் குடல் வழியாக அவ்வளவாக ஏறாது. பூச்சியும் மீனைப் போலத்தான் சாகும். உயிரணு மூச்சு விடும் இடத்தையே அது அடைத்துவிடுகிறது.

பூச்சிக்கு எதிராக இந்த வேரை ஆண்டதை முதலில் எழுதிவைத்தவர் சிங்கப்பூரில் சாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி. வருஷம் 1848. அவருக்கு யார் சொன்னார்கள் என்பதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் வேரை இடித்து ஊறவைத்துக் கீரைப் பாத்திக்குத் தெளிப்பார்கள். கண்டுபிடித்தவன் பெயர் அநேகமாய் ஒரு காகிதத்திலும் ஏறவில்லை. 1902இல் நாகாய் என்ற ஜப்பானிய வேதியியலர் அதன் நஞ்சைப் பிரித்தெடுத்து ரோட்டினோன் என்று பெயர் வைத்தார். அதன் அமைப்பு 1932இல் பிடிபட்டது. ஜெர்மனி, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் என்று நாலு நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்து கிடந்தன என்றால், அதில் எவ்வளவு காசு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு தேவைப்பட்ட காலமும் அதுதான். 1929க்குப் பிறகு ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். மிச்சமிருந்த துரைமார்கள் ரப்பரை மட்டும் நம்பினால் ஆகாது என்று வேறு பயிர் தேடினார்கள். அப்படித்தான் தூபாவுக்கு மவுசு வந்தது. அரசாங்க விவசாய இலாகா செர்டாங்கில் அதை வளர்த்துச் சோதித்தது. சாங்கி மூன்றாம் எண் என்றொரு வகை, நஞ்சு அதிகம் என்று பேர்வாங்கியது. நட்டு இரண்டு வருஷம் காத்திருந்து தோண்ட வேண்டும். தடித்த வேரைவிடப் பென்சில் பருமன் வேரில்தான் சரக்கு இருக்கும். காயவைத்துக் கட்டி அனுப்பிவிடுவார்கள். மென்று பார்த்தவர்களுக்கு உதடும் நாக்கும் மரத்துப்போகும். பொடி மூக்கில் ஏறினால் குமட்டும்.

இனி லயத்துக்கு வருகிறேன்.

எங்கள் லயம் கால்மேல் நின்ற பலகை வீடு. அடியில் ஆள் குனிந்து போகலாம். விறகு, மண்வெட்டி, உடைந்த மங்கு, முட்டையிடும் கோழி, எல்லாவற்றுக்கும் நடுவில் நாய். நிழலும் குளிர்ந்த புழுதியும் இருந்ததால் நாய்க்கு அதைவிட நல்ல இடமில்லை. தெள்ளுக்கும் இல்லை. வீட்டுக்குள் நாயை விடமாட்டார்கள். ஆனால் பலகைக்குப் பலகை சந்து இருந்தது. ராத்திரி பாயில் படுத்தால் கணுக்காலில் வரிசையாய்க் கடி. காலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற அம்மா ஒரு காலால் மறுகாலைச் சொறிந்துகொண்டே தலைவிளக்கைக் கட்டுவார்.

பாட்டியிடம் வைத்தியம் பல இருந்தன. தேங்காயெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து நாயின் கழுத்திலும் வாலடியிலும் தேய்ப்பது ஒன்று. நாய் அன்று முழுக்க மண்ணில் புரளும், தோல் வெந்து மயிர் கொட்டும். புகையிலையை ஊறவைத்த தண்ணீர் இன்னொன்று. அதில் தெள்ளு செத்தது உண்மை. நிகோட்டினை அந்தக் காலத்து மருந்துக் கம்பெனிகளே பூச்சிக்கொல்லியாய் விற்றன. கொஞ்சம் கூடிப்போனால் குட்டி நாய் வாயில் நுரைதள்ளிவிடும். வேப்பிலையை அரைத்துப் பூசலாம், ஆனால் தோட்டத்தில் வேம்பு இருந்தது மாரியம்மன் கோயிலடியில் மட்டும். நாய்க்கென்று அம்மன் மரத்தில் கை வைத்தால் பூசாரி சும்மா விடமாட்டார். பாட்டி வைசூரி வந்த வீட்டுக்கு என்று சொல்லிப் பறித்துவருவாராம். பொய் சொன்ன பாவத்துக்கு அடுத்த திருவிழாவில் ஒரு தேங்காய் கூடுதலாய் உடைப்பாராம்.

தூபாவும் வந்தது, கொல்லைவழியாக. தோட்டத்து எல்லையில் காய்கறி போட்டிருந்த சீனத் தாத்தா ஒருவர் வேர்த்துண்டுகளைப் பழந்துணியில் சுற்றிக் கொடுப்பாராம். பாட்டி பதிலுக்குத் தேங்காய் கொடுப்பார். வேரை அம்மியில் வைக்கக்கூடாது என்பது கட்டளை. கல்லின்மேல் தட்டி, சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, நாயைக் குளிப்பாட்டி, அந்தத் தண்ணீரை ஓடைப்பக்கம் போகாமல் குழிவெட்டி ஊற்ற வேண்டும். இங்கிலாந்து நாய்க்கு டப்பாவில் போனதை எங்கள் நாய் கந்தலில் சுற்றிப் பெற்றது. வேலை என்னவோ ஒன்றுதான்.

ஆனால் இந்த மருந்துகள் எல்லாமே, டப்பாவோ கந்தலோ, நாயின்மேல் இருந்த தெள்ளைத்தான் கொன்றன. இந்தப் பூச்சியின் சூது அங்கேதான் இருக்கிறது. மொத்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்துபோலத்தான் நாயின் உடம்பில் இருக்கும். மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில் கிடக்கிறது. பெண் தெள்ளு நல்ல தீனி கிடைத்தால் நாளைக்கு நாற்பது, ஐம்பது முட்டை இடும். முட்டை ஒட்டாது. நாய் உதறுகிற இடத்தில் உதிரும். புழு வெளிச்சத்துக்கு ஒளிந்து புழுதிக்குள் போய், தாய் தெள்ளு கழித்த காய்ந்த ரத்தத்தைத் தின்று வளரும். பிறகு மண்துகள் ஒட்டிய கூட்டுக்குள் முடங்கும். அந்தக் கூட்டுக்குள் மருந்து போகாது. உள்ளே இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று, இதில் ஒன்று பட்டால் போதும், பாய்ந்து வெளியே வரும். குளிர்நாட்டில் தெள்ளுக்குக் குளிர்காலம் என்று ஓர் ஓய்வாவது உண்டு. பேராக்கின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் வருஷம் முழுக்க அதற்குச் சித்திரை மாதம்தான்.

நாயிடம் கிடைப்பது நாய்த்தெள்ளு என்று நினைப்போம். இங்கே பெரும்பாலும் அது பூனைத்தெள்ளு என்று அறிவியலார் சொல்லும் இனம். 1925இல் கார்ல் ஜோர்டன் என்பவர் விவரித்த கீழை இனம் ஒன்றும் நம் பக்கத்து நாய்களிடம் உண்டு. கடிபடுகிற காலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

தெள்ளின் பெருங்கூட்டம் தரையில் கிடப்பதால், பாட்டியின் வைத்தியங்களில் எனக்கு மதிப்பு கூடியது அவர் வைத்தியம் என்றே எண்ணாத ஒன்றின்மேல்தான். ஓய்வு நாளில் அடுப்புச் சாம்பலை அள்ளி வீட்டடியில் கொட்டி, நாய் படுத்த குழியைக் கூட்டி எடுத்து, அந்தப் புழுதியைக் குப்பையோடு எரிப்பார். பலகைச் சந்துகளில் கொதிநீர் ஊற்றுவார். பாய்களை வெயிலில் போட்டுத் தட்டுவார். பொண்டாட்டி பிள்ளைகள் செய்கிற எடுபிடி வேலையென்று எல்லாரும் ஒதுக்கிய இதுதான் அந்த நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தின் மடியில் கைவைத்தது.

அரசாங்கத்துக்கும் தெள்ளு மேல் அக்கறை இல்லாமல் இல்லை, ஆனால் அது எலியின் தெள்ளு. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1920களில் வில்லியம் பிளெட்சர் என்பவர் இரண்டு வகைக் காய்ச்சலைப் பிரித்துக் காட்டினார். ஒன்று கடைவீதிகளில் எலித்தெள்ளால் வருவது. மற்றது தோட்டத்துப் புல்லிலும் புதரிலும் வேலை செய்பவர்களுக்கு வருவது. ஈப்போவில் 1948இல் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் வந்தது. அதன் கவலை விலைபோகிற மாடு, பன்றி, கோழி. லயத்து நாயைத் தேடி அரசு வந்ததென்றால் அது வெறிநாய்க்கடி பரவிய 1950களில்தான், ஒரு கையில் ஊசியும் மறுகையில் துப்பாக்கியுமாய். தாய்லாந்து எல்லையை ஒட்டிய வடபகுதியில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு வேலியே கட்டினார்கள்.

தூபாவின் கதையை முடித்தது போர். 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியர் ஈப்போவுக்குள் வந்தார்கள். வேர் போகும் கடல்வழி அடைபட்டது. அமெரிக்கா ரோட்டினோனுக்குப் பெரு நாட்டுச் செடிகளைத் தேடி ஓடியது, இருந்ததைப் பங்கு போட்டுக் கொடுத்தது. தோட்டத்திலோ ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போனார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர்பிடித்த நாட்களில் நாய்க்குத் தெள்ளு பார்க்க யாருக்கு மனம் இருந்திருக்கும்?

போர் முடிந்து திரும்பிய வெள்ளைக்காரனோடு டிடிடி வந்தது. அது பூச்சியைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்துக்காரர் பால் முல்லர் 1939இல் கண்டார். 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மக்கள் உடம்பில் தூவிப் பேனை ஒழித்துக் காய்ச்சலை நிறுத்தினார்கள். 1948இல் முல்லருக்கு நோபல் பரிசு. வேரை நட்டு இரண்டு வருஷம் காத்திருக்கத் தேவையில்லாத பொடி வந்தபின் தூபாவை யார் தோண்டுவார்கள்? தீபகற்ப மலேசியாவில் 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கி வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்தார்கள். சுவரில் காய்ந்த மருந்து வெள்ளையாய் நிற்கும். கொசுவோடு மூட்டைப்பூச்சியும் தெள்ளும் குறைந்ததென்று கொஞ்சநாள் எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் டிடிடிக்கு அசையாத தெள்ளு அதற்கு முன்பே உலகின் வேறு மூலைகளில் தலைகாட்டிவிட்டது. பூனைக்கும் அந்தப் பொடி ஆகாது. உடம்பை நக்கி நக்கி உள்ளே ஏற்றிக்கொள்ளும்.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய காலத்தில் நான் ஒன்றைக் கண்டேன். புதுவீட்டுப் பகுதிகளில் நாய்க்கு இடமில்லை. பலர் நாயை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள், அதை நினைத்தால் இன்னும் சங்கடம்தான். நாய்களும் எங்கெங்கோ போய்விட்டன. மாதங்கள் கழித்து விட்டுப்போன அம்மிக்கல்லை எடுக்கப் பழைய லயத்துக்குள் நுழைந்தவர்கள், முட்டிவரை கறுத்துப்போன காலோடு அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். பேய் என்றார்கள். ஆளில்லா வீட்டில் பேயிருப்பதாக நம்ப எங்கள் சனத்துக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. கூட்டுக்குள் காத்திருந்தவை அத்தனையும் முதல் காலடியில் ஒரே நேரத்தில் எழுந்துவந்தன, அவ்வளவுதான்.

இன்று ஈப்போ கடைகளில் பிப்ரோனில் சொட்டுமருந்து கிடைக்கிறது. 1990களின் நடுவில் உலகச் சந்தைக்கு வந்த வகை. பிடரியில் சொட்டினால் தோலெண்ணெயோடு உடம்பெங்கும் பரவும். ஒரு தடவை போட்டு, பத்து நாளில் மறுபடி தெள்ளைக் கண்டு, மருந்து போலி என்று திட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். மருந்து போலியில்லை. தரையில் இருந்த கூடுகள் புதிதாய் உடைகின்றன. வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும் மாதாமாதம் விடாமல் மூன்று மாதமாவது போட்டு, படுக்கைத் துணியைச் சுடுநீரில் துவைத்து, சோபா அடியைக் கூட்டி எடுத்தால்தான் கணக்கு தீரும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். நாய்க்கு என்று போட்டிருக்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தொடவே தொடாதீர்கள். வலிப்பு வந்து செத்துப்போகும்.

என்னிடம் படித்த ஒரு பையன், இப்போது அவனுக்கே பேரப்பிள்ளைகள், போன வாரம் வந்தான். "டீச்சர், இந்த கெமிக்கல் எல்லாம் வேணாம், பழைய காலத்து இயற்கை மருந்து ஏதாச்சும் சொல்லுங்க" என்றான். தூபாவைப் பற்றிச் சொன்னேன். ஆற்றில் கொட்டினால் இன்று மீன்வளச் சட்டத்தில் குற்றம் என்றும், 2000இல் ஒரு அமெரிக்க ஆய்வில் அதே ரோட்டினோனை எலிகளுக்கு ஏற்றியபோது பார்க்கின்சன் நோய் போல உடம்பு விறைத்து நடுங்கியது என்றும், அது முழுக்க முழுக்க இயற்கை என்றும் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு சொட்டுமருந்தின் விலை எவ்வளவு என்று கேட்டான்.