சீட்டுக்களத்து நடுவர்: ஒரு வரலாற்று நோக்கு

விதி உள்ளவிடத்து ஐயமும் உண்டு. ஐயம் உள்ளவிடத்து அதனைத் தீர்த்துவைப்பார் ஒருவரும் வேண்டப்படுவர். கிரிக்கெட்டிலும் சதுரங்கத்திலும் நடுவர் பதவி உருவான வகை பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆயின் முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் தோன்றி, வளர்ந்து, நெருக்கடிக்குள்ளாகி, மீண்டும் உருப்பெற்ற நடுவர் மரபொன்று நம்மவரால் அதிகம் கவனிக்கப்படவில்லை. பரிமாற்றச் சீட்டாட்டச் சுற்றுப்போட்டிகளின் நடுவர் மரபே அது. அம்மரபின் வளர்ச்சியை நோக்கி, முதன்முறையாகக் களத்தில் இறங்கும் நடுவர் ஒருவர் அதிலிருந்து பெறத்தக்க பாடங்கள் யாவை என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். நடுவரின் அதிகாரம் எதிலிருந்து பிறக்கின்றது என்னும் வினாவே இதன் மையம் எனலாம்.

தோற்றம்

நாமறிந்த சீட்டாட்டத்தில் 52 சீட்டுக்கள் உள்ளன. ஆடுவோர் யாவரும் அவற்றை அறிவர். விதிகளும் எண்ணிச் சொல்லத்தக்கனவே. 1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் விசாட்ஸ் ஒவ் த கோஸ்ற் என்னும் கம்பனி வெளியிட்ட ‘மஜிக்: த கதறிங்’ என்னும் ஆட்டம் இந்நிலையை அடியோடு மாற்றியது. இதனை ஆக்கியவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற றிச்சேட் காஃபீல்ட் என்பவர். அப்பல்கலைக்கழகத்து மாணவரே இதனை முதலில் ஆடிப்பார்த்தோர் என்பது நமக்குச் சுவை பயக்கும் செய்தியாகும்.

முதற்றொகுதியில் 295 வகைச் சீட்டுக்கள் இருந்தன. ஆடுவோர் அவற்றைப் பொதிகளாக விலைக்கு வாங்கி, தம்முள் மாற்றிக்கொண்டு, தத்தமக்குரிய கட்டினைத் தாமே தொகுப்பர். சீட்டின் செயல் அச்சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். பொதுவிதியும் சீட்டின் வாசகமும் முரண்படுமாயின் சீட்டின் வாசகமே மேலோங்கும் என்பது இவ்வாட்டத்தின் அடிப்படை நியதி. எனவே ஒவ்வொரு சீட்டும் ஒரு சிறு சட்டம் எனலாம். இன்று அவ்வாறான சீட்டுக்கள் 25,000இற்கும் மேற்பட்டுள்ளன. ஒருவர் தம் வாழ்நாளிற் கண்டிராத சட்டம் ஒன்றினை எதிராளியின் கையில் முதன்முறையாகக் காண்பது இவ்வாட்டத்தில் அன்றாட நிகழ்ச்சியாகும். நண்பரிடையே எழும் ஐயம் இணக்கத்தால் தீரும். அந்நியர் இருவர் பரிசுக்காக ஆடும்போது இணக்கம் போதாது. நடுவரின் தேவை இங்கேதான் எழுகின்றது.

1994ஆம் ஆண்டு ஜனவரியில் சுற்றுப்போட்டிக்கெனத் தனிக் கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டன. ஒரே சீட்டின் நான்கு படிகளுக்கு மேல் ஒரு கட்டில் இடம்பெறலாகாது என்பதும், சில சீட்டுக்களை விலக்கியமையும் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. அவ்வாண்டு ஓகஸ்டில் மில்வோக்கி நகரில் முதலாவது உலகச் சம்பியன் போட்டி நடைபெற்றது. 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் நியூயோர்க்கில் பணப்பரிசுடன் கூடிய தொழின்முறைச் சுற்று ஆரம்பமாயிற்று. யப்பானிலும் அதே ஆண்டில் பொக்கிமொன் சீட்டாட்டம் தோன்றியது. பரிசு பணமாக மாறியவிடத்து, நடுவரின் ஒரு சொல் ஒருவரின் வருவாயை நிர்ணயிக்கலாயிற்று.

தனிமனித மதிப்பீட்டிலிருந்து எழுத்து முறைக்கு

தொடக்க காலத்து நடுவர், விதிகளை மற்றையோரிலும் நன்கு கற்றவர் என்பதனாலேயே நடுவராயினார். அவர் அறிவும் மனச்சாட்சியுமே சட்டமாயின. இதனால் ஒரு நகரில் எச்சரிக்கையோடு விடப்பட்ட பிழை வேறொரு நகரில் ஆட்டத்தையே இழக்கச் செய்தது. இக்குறையை நீக்க இரு வழிகளில் முயற்சி நடைபெற்றது.

முதலாவது, ஆட்ட விதிகளைத் திருத்தியமை. 1999ஆம் ஆண்டு ஆறாம் பதிப்போடு வந்த விதித் திருத்தம், சீட்டுக்களின் செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இறுதியில் வைக்கப்பட்டது முதலில் நிறைவேறும் என்னும் ஒழுங்கினை நிலைநாட்டியது. அதுவரை நடுவரிடையே நிலவிய பல கருத்து வேறுபாடுகள் இவ்வொரு மாற்றத்தால் மறைந்தன.

இரண்டாவது, தண்டனைகளை எழுத்தில் வகுத்தமை. எச்சரிக்கை, ஆட்ட இழப்பு, போட்டி இழப்பு, தகுதிநீக்கம் எனத் தண்டனைகள் படிமுறையாயின. போட்டிகளும் சாதாரணம், போட்டிநிலை, தொழின்முறை என மூன்று தரங்களாகப் பகுக்கப்பட்டன. சாதாரணத் தரத்தில் கற்பித்தலே முதன்மை பெறும். ஏனைய இரண்டிலும் எழுத்திலுள்ள தண்டனை வழங்கப்படும். அறியாமையாற் செய்த பிழையும் அறிந்தே செய்த வஞ்சகமும் வேறுபடுத்தப்பட்டமை இம்முறையின் தலையாய சிறப்பாகும். முன்னையதற்குத் திருத்தம்; பின்னையதற்குத் தகுதிநீக்கம்.

இரக்கமும் சமத்துவமும்

எழுத்து முறை ஈரமற்றது என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாகவே உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எடுத்துக்காட்டாக, தொலைவிலிருந்து முதன்முறையாகப் போட்டிக்கு வந்த இளைஞன் ஒருவனைக் கொள்வோம். 60 சீட்டுக்களைப் பதிய வேண்டிய பட்டியலில் அவன் 59ஐயே எழுதியுள்ளான். கட்டில் 60 சீட்டுக்களும் முறையாக உள்ளன. போட்டிநிலைத் தரத்தில் இதற்குரிய தண்டனை ஆட்ட இழப்பு. களநடுவரின் உள்ளம் நெகிழ்வது இயல்பே. ‘இம்முறை விட்டுவிடுவோம்’ என அவர் எண்ணலாம்.

ஆயின் அதே மண்டபத்தின் மறுகோடியில் அதே பிழையைச் செய்த வேறொருவன் வேறொரு நடுவரின் முன் நிற்கின்றான். அவன் முகம் இவர் கண்ணிற் படவில்லை. ஒருவனுக்குக் காட்டிய இரக்கம் காணப்படாத மற்றவனுக்கு இழைத்த அநீதியாக முடிகின்றது. நடுவருக்கு அறிமுகமானவனும், இனிமையாகப் பேச வல்லவனும், நடுவரின் மொழியை அறிந்தவனுமே இவ்விரக்கத்தை எளிதிற் பெறுவான் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாறாயின் இம்மரபில் இரக்கத்துக்கு இடமே இல்லையா? இடமுண்டு; வரலாறு அதனைக் காட்டுகின்றது. எடுக்கவேண்டியதிலும் ஒரு சீட்டினைக் கூடுதலாக எடுத்துவிடுதல் ஒரு காலத்தில் ஆட்ட இழப்புக்குரிய பிழையாக இருந்தது. கையிலுள்ள சீட்டுக்களோடு அது கலந்தபின் எது கூடுதலானது என்பதை எவராலும் உறுதிப்படுத்த இயலாது என்பதே அக்கடுமைக்குக் காரணம். நேர்மையாகத் தடுமாறியோர் பலர் இதனால் ஆட்டமிழந்தனர். 2010களில் இவ்விதி மாற்றப்பட்டது. பிழை செய்தவர் தம் கைச்சீட்டுக்களைக் காட்ட, எதிராளி அவற்றுள் ஒன்றைத் தெரிந்து கட்டினுள் திருப்பி அனுப்பும் முறை வந்தது. பிழையாற் பெற்ற நயம் நீங்குகின்றது, ஆட்டமும் தொடர்கின்றது. இங்கே இரக்கம் ஒரு நடுவரின் மனநெகிழ்ச்சியால் ஒருவனுக்கு மட்டும் வழங்கப்படவில்லை. விதி திருத்தப்பட்டு யாவருக்கும் ஒருங்கே வழங்கப்பட்டது. விதி கொடிதெனக் கருதும் நடுவர் அதனைக் களத்தில் மீறுவதிலும், களத்துக்கு வெளியே அதனை மாற்ற முயல்வதே அறமாகும்.

மேன்முறையீடு

களநடுவரின் தீர்ப்பினை ஏற்காத வீரர் தலைமை நடுவரிடம் முறையிடலாம். தலைமை நடுவரின் தீர்ப்பே இறுதியானது. நடுவரின் தீர்ப்பை வீரர் மறுபரிசீலனைக்குக் கொண்டு செல்லும் முறை கிரிக்கெட்டில் 2008ஆம் ஆண்டிலே, இலங்கை - இந்திய அணிகள் கொழும்பில் ஆடிய டெஸ்ட் போட்டியில், முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. சீட்டாட்டக் களத்திலோ அவ்வுரிமை அதற்கு முன்னரே வழக்கிலிருந்தது. மேன்முறையீடு நடுவரின் மதிப்பைக் குறைப்பதன்று. தவறக்கூடிய மனிதரின் தீர்ப்பை வீரர் நம்பி ஏற்கச் செய்வது அதுவே.

நிறுவனமும் நடுவரும்

நடுவர் பலர் விளையாட்டின்மீதுள்ள பற்றினால் தொண்டு செய்தவர்களே. 1998ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கெனத் தனியாக அச்சிடப்பட்ட மினுங்குச் சீட்டுக்கள் அன்பளிப்பாக வழங்கப்பட்டன. அவற்றுக்குச் சந்தையில் நல்ல விலையும் இருந்தது. நடுவர் தொண்டரா, தொழிலாளரா என்னும் வினா இதனால் கூர்மையடைந்தது. 2016ஆம் ஆண்டில் நடுவர் சிலர் தாம் ஊழியராகக் கணிக்கப்படவேண்டும் எனக் கோரி, கலிபோர்னியாவில் அக்கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 2019இல் கம்பனி நடுவர் திட்டத்தை நேரடியாக நடத்துவதை விட்டு விலக, ஜட்ஜ் அக்கடமி என்னும் தனி நிறுவனம் அப்பொறுப்பினை ஏற்றது. 2023இல் அந்நிறுவனமும் தன் பணியை நிறுத்திக்கொண்டது.

சான்றிதழ் வழங்கிய நிறுவனம் மறைந்தவிடத்து நடுவர் மரபும் மறைந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பிராந்திய அமைப்புகள் தோன்றின, போட்டிகள் தொடர்ந்தன, வீரர் முன்போலவே கையை உயர்த்தி நடுவரை அழைத்தனர். நடுவரின் அதிகாரம் கம்பனியின் முத்திரையிலிருந்து பிறந்ததன்று என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை. இருப்பினும் அவர்தம் உழைப்புக்குரிய கூலி யாது என்னும் வினா இம்மாற்றங்களால் தீர்ந்துவிடவில்லை.

புதிய களநடுவருக்கு

மேற்கூறிய வரலாற்றிலிருந்து புதிய களநடுவர் பெறத்தக்க நடைமுறைப் பாடங்கள் சில உள.

அழைப்புக் கேட்டதும் விரைந்து செல்க. ஆட்டத்தை நிறுத்தி, இருவர் கூற்றையும் முழுமையாகக் கேட்க. முதலிற் பேசியவரும் உரக்கப் பேசியவரும் சரியானவர் எனக் கொள்ளற்க. இருவர் கூற்றும் முரண்படின் தனித்தனியே வினவுக. மறைவாக இருக்கவேண்டிய செய்தி ஒன்றைப் பற்றி வீரர் கேட்க விரும்பின், எதிராளியின் செவிக்கு எட்டாதவாறு அப்பால் அழைத்துச் சென்று கேட்க.

சீட்டின் வாசகத்தை நினைவிலிருந்து கூறாது வாசித்தே கூறுக. விடை தெரியாவிடின் ‘விசாரித்து வருகின்றேன்’ எனக் கூற நாணற்க. 25,000 சட்டங்களையும் மனத்திற் கொண்டவர் எவருமிலர். விரைவாக வழங்கிய பிழையான தீர்ப்பு, சற்றுத் தாமதித்த சரியான தீர்ப்பிலும் தீங்கானது. ஆட்டச் சுற்றொன்று வழக்கமாக 50 நிமிடம் நிகழ்வதால், தீர்ப்புக்குச் செலவான நேரத்தைக் குறித்து வீரருக்கு ஈடுசெய்க.

விதியை விளக்குக, உபாயத்தை உரையாதொழிக. ‘இச்சீட்டை இப்போது ஆடலாமா?’ என்பது விடையளிக்கத்தக்க வினா. ‘ஆடுவது நன்றா?’ என்பது விடையளிக்கத்தகாதது. வீரர் ஒருவரின் கைச்சீட்டுக்களைக் காண நேரின் முகக்குறிப்பும் பேசக்கூடாது.

தீர்ப்பினைத் தெளிவாகக் கூறி, அதன் காரணத்தையும் கூறுக. தலைமை நடுவரிடம் முறையிடும் உரிமை உண்டென்பதை வீரர் அறியாதிருப்பின் அறிவிக்க. முறையீட்டில் தீர்ப்பு மாற்றப்படுமாயின் அதனை அவமதிப்பாகக் கொள்ளற்க. தண்டனை வழங்கும்போது குரல் தாழ்ந்திருத்தல் நன்று. தண்டிக்கப்படுவது பிழையேயன்றி மனிதரன்று.

முடிவுரை

தொடக்கத்தில் நடுவரின் அதிகாரம் அவர் அறிவிலிருந்து பிறந்தது. பின்னர் அது நிறுவனத்தின் சான்றிதழிலிருந்து பிறப்பதாகத் தோன்றிற்று. சீட்டுக்கள் பெருகவே தனிமனித அறிவு போதாதாயிற்று. நிறுவனமும் ஒருநாள் விலகிற்று. எஞ்சி நின்றது யாவருக்கும் ஒரே வகையாக நடைபெறும் முறையும், அதன்மீது வீரர் வைத்த நம்பிக்கையுமே. தோற்றவரும் ‘என் கூற்று கேட்கப்பட்டது, என் எதிராளிக்கும் இதே விதிதான்’ என எண்ணி மேசையைவிட்டு எழுவாராயின், அக்களநடுவர் தம் கடமையைச் செவ்வனே ஆற்றியவராவார்.